ஐந்து ஸ்பீக்கரும் உன் அக்காவும்

அன்புள்ள மைத்துனனுக்கு அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே வரவேற்பறைச் சுவர் ஒன்றைத் தவிர எல்லோரும் நலம். உன் நலத்தையும், உன் மனைவியின் நலத்தையும், எனக்கு யோசனை சொன்ன உன் வாயின் நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாய். நீ சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து மீதியைச் சொல்லும் பொறுமை எனக்கில்லை. காகிதத்தில் எழுதினால் நீ உருண்டு புரண்டு சிரித்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

"டிவியில சத்தமே சரியில்ல, என்ன வாங்கலாம்?" என்று நான் உன்னைக் கேட்டேன். "ஹோம் தியேட்டர் ரிசீவர் ஒண்ணு வாங்கி மாட்டிருங்க அத்தான், வீடே அதிரும்!" என்று நீ சொன்னாய். எதற்குக் கேட்கிறேன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்ததிலிருந்து உன் அக்கா என்னோடு உட்கார்ந்து டிவி பார்ப்பதை நிறுத்திவிட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. சாயங்காலம் நான் டிவியைப் போட்டதும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள், அங்கே முக்காலியைப் போட்டுக்கொண்டு காய் நறுக்குவாள், இன்றைக்கு நறுக்கக் காய் இல்லையென்றால் நாளைக்கு வேண்டியதை எடுத்து நறுக்குவாள். "வாயேன், நல்ல படம் போடறான்" என்று கூப்பிட்டால் "நீங்க பாருங்க, எனக்கு வேலை கெடக்கு" என்பாள். நான் ஒன்று கேட்டால் வேறொன்று பதிலாக வரும். "பால் வந்தாச்சா?" என்றால் "மொட்டை மாடியில காயப் போட்டிருக்கேன்" என்பாள். என்மேல் இருக்கிற எரிச்சலில்தான் குத்தலாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் நிலம் அளக்கிற உத்தியோகத்தில் இருந்தவன், வருஷத்தில் பாதி நாள் வெளியூர்தான், உனக்குத் தெரியாததா. இத்தனை வருஷம் இந்தக் குடும்பம் ஒழுங்காக நடந்ததே நான் வீட்டில் இல்லாத காரணத்தால்தானோ என்று ஒரு பயம் வந்துவிட்டது, மச்சான். யாரிடம் போய்ச் சொல்வது? வீடு அதிரும் என்று நீ சொன்னதும் எனக்கு ஒரு நப்பாசை. அதிர்கிற இடத்தை யாராக இருந்தாலும் வந்து எட்டிப் பார்ப்பார்கள் அல்லவா? எட்டிப் பார்த்தவளை அப்படியே உட்காரவைத்துவிடலாம் என்பதுதான் என் திட்டம்.

கடைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், பெட்டியில் எழுதியிருக்கும் பொடி எழுத்தைப் படிக்கப் பழகியவள். கடைக்காரர் எங்களைக் குளிர்ந்த அறை ஒன்றில் மெத்தை நாற்காலியில் உட்காரவைத்து, "உங்களுக்கு எத்தனை சேனல் வேணும் சார்?" என்றார். "எல்லாச் சேனலும் வரணும். முக்கியமா செய்தி தெளிவா வரணும்" என்றேன். "அந்தச் சேனல் இல்ல சார், இது ஸ்பீக்கர் கணக்கு. அஞ்சு இருக்கு, ஏழு இருக்கு, ஒன்பது இருக்கு. கூரையில ரெண்டு மாட்டிட்டீங்கன்னா படத்துல மழை பெய்யும்போது உங்க தலைக்கு மேலயே பெய்யற மாதிரி இருக்கும்" என்றார். "எங்க வீட்டுல நிஜ மழையே தலைக்கு மேலதான் பெய்யுது, அதை நிறுத்தத்தான் ஆள் தேடிக்கிட்டு இருக்கோம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு யுத்தக் காட்சியைப் போட்டுக் காட்டினார். எனக்கு நெஞ்சுக்குள் யாரோ கட்டிலை இழுத்துப் போட்ட மாதிரி இருந்தது. இதுதான் வேண்டும் என்று எழுந்து நின்றுவிட்டேன். மகள் என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். "இது வீட்டுல எல்லாரும் பாக்கறதுக்குங்க. டிவியைப் போட்டா இதுவும் தானா ஆன் ஆகணும். ஒரே ரிமோட் போதும்னு இருக்கணும். பேசறது தெளிவா கேக்கணும். குண்டு போடறது கேக்காட்டியும் பரவாயில்ல" என்றாள். கடைக்காரர் முகம் கொஞ்சம் வாடியது, ஆனாலும் நேர்மையானவர். "அப்போ அஞ்சு ஸ்பீக்கரும், அடிச்சத்தத்துக்கு ஒரு சப்வூஃபரும் தாராளம். அதுக்கு மேல வேஸ்ட்" என்று சொல்லி அதையே எடுத்துக் கொடுத்தார். மாட்டிக் கொடுக்க ஆள் அனுப்பட்டுமா என்றும் கேட்டார். ஊர் ஊராகப் போய் மலையையும் மடுவையும் அளந்தவன், ஒரு வரவேற்பறையை அளக்க இன்னொருவனைக் கூப்பிடுவதா? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த இடத்தில் நீ சிரிக்க ஆரம்பித்திருப்பாய், சிரித்துக்கொள்.

டேப்பை எடுத்து அளந்தேன், தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன், சோபாவை நடுவில் வைத்து முக்கோணம் வரைந்தேன். கோடுகளைத் தாண்டித் தாண்டிப் போய்த்தான் உன் அக்கா துணி மடித்தாள். பின்பக்க ஸ்பீக்கரைச் சுவரில் மாட்ட ட்ரில்லிங் மெஷினை வைத்து அழுத்தியதுதான் தாமதம், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது, மெஷின் அந்தப் பக்கம் போய் நின்றது. அந்தப் பக்கம் குளியலறை. இப்போது சோபாவில் உட்கார்ந்தபடியே குழாய் மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். சுவர் கைவிட்டுவிட்டதால் ஒரு ஸ்பீக்கரைச் செருப்பு அலமாரி மேலேயும், இன்னொன்றைச் சமையலறை வாசலை ஒட்டிய பாத்திர அலமாரி மேலேயும் வைத்தேன். அப்புறம் ஒயர். அந்த ரிசீவர் பெட்டியின் முதுகைப் பார்த்திருக்கிறாயா? முன்பக்கம் பரம சாது, ஒரு திருகுக் குமிழ்தான். முதுகைத் திருப்பினால் உடம்பெல்லாம் கண். சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு என்று எல்லாவற்றையும் முடுக்கி, டிவிக்கும் பெட்டிக்கும் நடுவே எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டால், பெட்டியில் நீல விளக்கு ஜம்மென்று எரிகிறது, சத்தம் மட்டும் பழையபடி டிவியிலிருந்தே ஈனஸ்வரத்தில் வருகிறது! மகள் வேலையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "அப்பா, டிவியில இருக்கிற ஓட்டையில ஒண்ணுலதான் ஏஆர்சினு போட்டிருக்கு. அதுல சொருகினாத்தான் டிவி சத்தம் பெட்டிக்குப் போகும். நீங்க பக்கத்து ஓட்டையில சொருகியிருக்கீங்க" என்று மாற்றிச் சொருகி, டிவிக்குள் எங்கேயோ போய் எதையோ அமுக்கினாள். அவ்வளவுதான், செய்தி ஆரம்பிக்கிற இசையோடு சப்வூஃபர் ஒரு உறுமல் உறுமியது பார், ஜன்னல் கம்பியெல்லாம் கூடச் சேர்ந்து பாடியது. கீழ்வீட்டுக்காரர், நாங்கள் ஜலதோஷம் என்று செல்லமாகச் சொல்வோமே அவர், மூக்கைத் துடைத்துக்கொண்டே மேலே வந்து, "என்ன சார், மில்லு ஏதும் ஆரம்பிச்சிருக்கீங்களா?" என்றார். மகள் அவரிடம் மன்னிப்புக் கேட்டு உறுமலைக் குறைத்தாள். அவ்வளவு நடந்தும் உன் அக்கா எட்டிப் பார்க்கவில்லை என்பதைக் கவனி. எனக்கு மனசே விட்டுப்போயிற்று.

அதோடு முடியவில்லை. அந்தப் பெட்டியோடு ஒரு குட்டி மைக் கொடுத்திருந்தார்கள். அதைச் சோபாவில் நம் தலை இருக்கிற உயரத்தில் வைத்துவிட்டால், பெட்டி ஒவ்வொரு ஸ்பீக்கராக 'உய்ங்' என்று ஊளையிட்டுப் பார்த்து அறைக்குத் தகுந்த மாதிரி தன்னைத் தானே சரிசெய்துகொள்ளுமாம். அந்த நேரம் வீட்டில் ஒருவரும் மூச்சுக்கூட விடக் கூடாதாம். தலையணைகளை அடுக்கி அதன் உச்சியில் மைக்கை உட்காரவைத்தேன். முதல் ஊளை வந்ததும் உள்ளே உன் அக்கா மிக்ஸியைப் போட்டாள். "கொஞ்சம் நிறுத்து!" என்று கத்தினேன். "மருந்தா? காலையிலேயே சாப்பிட்டீங்களே!" என்று பதில் வந்தது. மறுபடி ஆரம்பித்தேன், ஜலதோஷம் கீழே தும்மினார், பெட்டி 'அறையில் இரைச்சல் அதிகம்' என்று என்னைக் குற்றம் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. போதுமடா சாமி என்று மைக்கைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் ஒரு சிரிப்புப் படம் போட்டார்கள். நானும் மகளும் உட்கார்ந்தோம், உன் அக்கா வழக்கம்போல் எழுந்து போனாள். படம் ஆரம்பித்தது. கார் போகிறது, சத்தம் முன்னால் வருகிறது. வயலின் வாசிக்கிறார்கள், முன்னால் வருகிறது. கதாநாயகன் வாயைத் திறக்கிறான், குரல் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது! யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டார்கள் என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். "அப்பா, பேச்சு வர்ற நடு ஸ்பீக்கர் ஒயரைக் கொண்டுபோய்ச் சமையலறைப் பக்கத்து ஸ்பீக்கருக்குக் குடுத்துட்டீங்க" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். சரி, மாற்றுகிறேன் என்று நான் பெட்டியின் முதுகுப் பக்கம் குனிந்தபோது, படத்தில் திருட வந்தவன் இருட்டில் வழி தெரியாமல் வீட்டுக்காரனையே எழுப்பிக் கேட்கிற கட்டம். சமையலறையிலிருந்து கலகலவென்று ஒரு சிரிப்பு. வீட்டுக்காரன் பதில் சொன்னான். மறுபடியும் சிரிப்பு, மிகச் சரியான இடத்தில். நானும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உள்ளே போனேன். உன் அக்கா ஒரு கையில் கத்தி, ஒரு கையில் பாதி வெள்ளரிக்காயோடு அந்த அலமாரியை ஒட்டி நின்று, ஸ்பீக்கரிடம் ரகசியம் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். என்னைப் பார்த்ததும், "எவ்வளவு நாளாச்சுங்க, இவங்க என்ன பேசறாங்கன்னு கேட்டு!" என்றாள். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோமே என்று முகம் மாறியது.

"ஏன், கேக்கறதில்லையா?" என்றேன், அவள் பக்கத்தில் போய்ச் சத்தமாக.

"சத்தம் கேக்கும், பாட்டு கேக்கும். பேச்சு மட்டும் ஏதோ முணுமுணுன்னு இருக்கும். நீங்க ரெண்டு பேரும் சிரிப்பீங்க, நானும் சேர்ந்து சிரிப்பேன். எதுக்குச் சிரிக்கறோம்னே தெரியாம எத்தனை நாள்தாங்க சிரிக்கறது? அதான் இங்க வந்து உக்காந்துக்கறது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"காது போச்சுன்னு சொல்லிக்க யாருக்குங்க பிடிக்கும்?"

நான் அந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "நான் என்னமோ, நான் வீட்டோட இருக்கிறது உனக்குப் பிடிக்கலை, எம்மேல கோபம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

உன் அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "கோபமா? கோபம்னா உங்க மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருப்பேனே! அதுக்கென்ன வெக்கம்?"

மச்சான், இத்தனை வருஷத்தில் உன் அக்கா என்னிடம் சொன்ன வார்த்தைகளிலேயே இவ்வளவு ஆறுதலானது வேறில்லை. மார்மேல் ஏறி உட்கார்ந்திருந்தவன் எழுந்து போன மாதிரி இருந்தது. அவள் கையிலிருந்த பாதி வெள்ளரிக்காயை வாங்கி அங்கேயே தின்றேன்.

மகள் ஒயரை ஒழுங்காக மாற்றி, நடு ஸ்பீக்கரை டிவிக்குக் கீழே வைத்து, மற்றதையெல்லாம் அடக்கிப் பேச்சை மட்டும் தூக்கிவிட்டாள். அதற்கும் பெட்டியில் ஒரு வசதி இருக்கிறது. உன் அக்கா இப்போது சோபாவின் நட்டநடுவில், என் முக்கோணத்தின் உச்சியில், ரிமோட்டும் கையுமாக உட்காருகிறாள். எங்களுக்கு முன்னால் அவள் சிரித்துவிடுகிறாள். எனக்கு ஓரத்தில் இடம். அந்த ஓரத்தில் ஸ்டீரியோ ஒன்றும் சரியாகக் கேட்பதில்லை, இருந்தாலும் அதைவிட நல்ல இடம் வீட்டில் எனக்கு வேறில்லை. வீட்டை அதிரவைக்கச் சொன்ன உன் யோசனை தப்பு, ஆனால் தப்பாகச் சொன்னதற்கு நன்றி. இந்த ரிசீவர் இல்லையென்றால் நாங்கள் எங்கே இருந்திருப்போம்! உயிருள்ளவரை இதை இந்த வீட்டிலிருந்து யாரும் அசைக்க முடியாது.

நீயும் உன் மனைவியும் ஒரு குறையும் இல்லாமல், ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்டுக்கொண்டு நெடுங்காலம் வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அத்தான்.

பி.கு.: இதை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் மகள் உன் அக்காவைக் காது டாக்டரிடம் காட்டிவிட்டு வந்துவிட்டாள். காதில் ஒரு கோளாறும் இல்லையாம். இரண்டு காதிலும் குரும்பி கல்லாக இறுகிக் கிடந்ததாம், கழுவி எடுத்துவிட்டாராம். வீட்டுக்குள் காலை வைத்ததும் உன் அக்கா சொன்ன முதல் வார்த்தை: "எதுக்குங்க இந்தப் பெட்டி இப்படிக் கத்துது? காது கிழியுது, முதல்ல அதைக் கழட்டுங்க!" கழற்றிவிட்டேன். இப்போது பழைய டிவி சத்தமே அவளுக்குத் தாராளமாகக் கேட்கிறது, நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஐந்து ஸ்பீக்கரையும் சப்வூஃபரையும் பெட்டியோடு கட்டிவைத்திருக்கிறேன், உடனே வந்து எடுத்துக்கொண்டு போ. "இதுக்கா நான் இந்தப் பாடு பட்டேன்" என்று இந்த வரியை எழுதும்போது எனக்குள்ளேயே முனகிக்கொண்டேன், உதடுகூடச் சரியாக அசையவில்லை. பக்கத்து அறையிலிருந்து உன் அக்கா குரல் கொடுக்கிறாள்: "கேக்குதுங்க!"