முள்ளம்பன்றி சிங்காரவேலுவின் உயர்ந்த கார்

ஒரு காட்டில் இரண்டு பழைய சுபாரு கார்கள் இருந்தன. சிங்கம் அந்தக் காட்டில் இல்லை. இருந்திருந்தாலும் கார் விஷயத்தில் அதன் பேச்சை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

காட்டின் பெயர் கூனிமலை. மேலே சோலைக்காடு, கீழே ஆஸ்பத்திரியும் கடைகளும் உள்ள ஊர். இரண்டையும் சேர்ப்பது பாறையும் சேறுமான ஒரு மண்பாதை. நடுவழியில் ஓர் ஓடை குறுக்கிடும். மழைக்காலத்தில் அந்த ஓடையைத் தாண்ட முடிந்தவருக்குத்தான் ஊர், மற்றவருக்கு வீடு.

மலையில் ஒரு தேயிலை எஸ்டேட் மூடிப்போனபோது அங்கே இருந்த இரண்டு கார்களையும் விற்றார்கள். ஒரே வருஷத்துக் கார்கள், ஒரே பச்சை நிறம். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டிகள். ஒன்றை முள்ளம்பன்றி சிங்காரவேலு வாங்கினான். மற்றொன்றைத் தேவாங்கு அம்சவேணி வாங்கினாள்.

அம்சவேணி ஒல்லியான, மெதுவான, பெரிய கண்களுள்ள பிராணி. நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஊருக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவதுதான் அவளுடைய பிழைப்பு. நேரத்துக்கு ஆயில் மாற்றுவாள். எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் பெல்ட்டைத் தேய்வதற்கு முன்பே மாற்றிவிடுவாள். ஒரு டயர் போனால் நாலையும் மாற்றுவாள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் நாலும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பாள். வண்டிக்கு அடியில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னாலிருக்கும் ரப்பர் உறைகளில் விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். அவள் எப்போதும் காருக்கு அடியிலேயே கிடந்ததால் அவளிடம் கார் இருப்பதே பலருக்கு மறந்துபோனது.

சிங்காரவேலுவும் ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் ஓட்டினான். ஒருநாள் ஆயில் மாற்றுவதற்காகக் கருங்குரங்கு ஏகாம்பரத்தின் பட்டறைக்குப் போனான். அங்கேதான் கெட்டான்.

ஏகாம்பரம் பட்டறை முதலாளி மட்டுமல்ல. 'கூனிமலை கரடுமுரடுப் பாதைக் கழகம்' என்ற அமைப்பின் தலைவரும் அவரே. அதனால் கழகம் கண்டுபிடித்த குறைகளுக்கெல்லாம் பட்டறையில் மருந்து இருந்தது.

அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வாலால் கதவைத் தட்டினார்.

"ஏனுங்க தம்பி, இது காட்டுக்குள்ள ஓடுற வண்டிங்களா? இல்ல, பிள்ளைங்கள பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விடுற டப்பாவா?"

பட்டறையில் உட்கார்ந்திருந்த கழகத்துக் குரங்குகள் எல்லாம் சிரித்தன. சிங்காரவேலுவின் முட்கள் வெட்கத்தில் படுத்துக்கொண்டன.

"ஓடை எல்லாம் தாண்டுதுங்களே அண்ணா" என்றான்.

"தாண்டும். யாராச்சும் திரும்பிப் பார்க்கறாங்களா?"

அந்தக் கேள்வி சிங்காரவேலுவின் தூக்கத்தைக் கெடுத்தது. யோசித்துப் பார்த்தான். உண்மைதான். அவன் ஓடையைத் தாண்டும்போது ஒரு தவளைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் காரைப் பட்டறையில் விட்டான். ஏகாம்பரம் நீளமான ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தூக்கிக் கட்டினார். பெரிய டயர்கள் மாட்டினார். மூன்றுதான் ஒரே அளவில் கிடைத்தன. நாலாவது சற்றுச் சின்னது. "முள்ளுக்கு முள் நீளம் வித்தியாசம் இல்லீங்களா தம்பி? அந்த மாதிரிதான்" என்றார். கூரையில் வரிசையாக விளக்குகள் வைத்தார். எஞ்சின் தண்ணீருக்கு மேலே மூச்சு விடுவதற்கென்று கூரைவரை ஏறும் ஒரு குழாயை வைத்தார். முன்னால் கனமான இரும்பு பம்பர். அதில், சேற்றில் சிக்கினால் மரத்தில் கட்டித் தன்னைத்தானே இழுத்துக்கொள்வதற்கான வின்ச். இவ்வளவும் செய்தவர், வந்த காரியமான ஆயிலை மாற்றவில்லை. கேட்க வேண்டியவனும் கேட்கவில்லை.

புதுக் கோலத்தில் கார் காட்டுக்குள் வந்தபோது மயில்கள் நடப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தன. சிங்காரவேலு கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டினான். அம்சவேணி அவள் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள்.

"அண்ணா, திரும்பும்போது முன்சக்கரத்துல டக்கு டக்குன்னு சத்தம் வருதுங்க. உசரம் தூக்கினதுல சக்கரத்தைச் சுத்துற ஜாயின்ட் சாய்வா நிக்குது. ரப்பர் உறை கிழிஞ்சு கிரீஸ் வெளிய வந்துருச்சுன்னு நினைக்கிறேன். கொஞ்சம் பார்த்துக்கங்க."

"உறை வெளிய தெரியுமா?"

"தெரியாதுங்க. அடியில இருக்கு."

"பெல்ட்டை மாத்தச் சொல்லி போன மாசம் சொன்னியே, அது தெரியுமா?"

"அதுவும் மூடிக்குள்ளதான் இருக்குங்க."

சிங்காரவேலு ஏகாம்பரத்திடம் கற்ற சிரிப்பைச் சிரித்தான். "தெரியாத இடத்துக்கெல்லாம் செலவு பண்றதுக்கு நான் என்ன தேவாங்கா?"

அம்சவேணி மறுபடியும் காருக்கு அடியில் போய்விட்டாள்.

மழைக்காலம் வந்தது. ஒரு மத்தியானம், கேளையாடு நஞ்சப்பனின் மனைவி தெய்வானைக்கு இடுப்புவலி கண்டது. கேளையாடு என்பது நாய்போலக் குரைக்கும் சின்ன மான். அன்றைக்கு நஞ்சப்பன் குரைத்த குரைப்பில் மலையே கூடிவிட்டது. குட்டி தலைமாறிக் கிடந்தது. ஒரு கால் மட்டும் வெளியே வந்து நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் தாயும் பிழைக்க மாட்டாள், குட்டியும் பிழைக்காது.

அம்சவேணி காரை வாசலுக்கே கொண்டுவந்து, பின்சீட்டில் வைக்கோல் பரப்பி, கதவைத் திறந்து வைத்திருந்தாள். எஞ்சின் ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்டால்தான் தெரியும். அதற்குள் சிங்காரவேலு கூரை விளக்குகளையெல்லாம் பட்டப்பகலில் எரியவிட்டுக்கொண்டு வந்து நின்றான். பின்னாலேயே ஏகாம்பரம், கையில் போனோடு.

நஞ்சப்பன் இரண்டு கார்களையும் பார்த்தான். ஒன்று தரையோடு தரையாக நின்றது. மற்றொன்று அவன் கொம்புக்கு மேலே நின்றது.

"அம்மிணி, கோவிச்சுக்காதீங்க. ஓடையில தண்ணி அதிகமா வருதுங்க. பெரிய வண்டியிலயே போயிர்றோம்" என்றான்.

"தண்ணிக்கு உசரம் மட்டும் போதாதுங்க..." என்று அம்சவேணி ஆரம்பித்தாள். அவள் மெதுவாகப் பேசுகிறவள். அந்த வாக்கியம் முடிவதற்குள் தெய்வானையை நாலு பேர் தூக்கி, ஏணி வைத்து, உயரமான காருக்குள் ஏற்றிவிட்டார்கள். அவள் வலியில் முனகிக்கொண்டே, "நான் சின்ன வண்டியில..." என்றாள். பிள்ளைத்தாய்ச்சியின் பேச்சை அந்தக் கூட்டத்தில் யார் கேட்கிறார்கள்?

அம்சவேணி கதவைச் சாத்திக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பின்னாலேயே ஓட்டினாள்.

ஓடையில் இரண்டு வழி உண்டு. கொஞ்சம் மேலே போனால் அகலமான பாறைத் தட்டு; அங்கே தண்ணீர் பரந்து, கணுக்கால் அளவில் ஓடும். பாதைக்கு நேரே போனால் ஆழமான மடு. சிங்காரவேலு மடுவைத் தேர்ந்தெடுத்தான். ஆழமில்லாத இடத்தில் இறங்கினால் உயரத்துக்கு என்ன மரியாதை? மேலும், ஏகாம்பரம் கரையில் போனைப் பிடித்துக்கொண்டு, "நேரா இறக்குங்க தம்பி! தண்ணி நல்லாத் தெறிக்கணும்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

தண்ணீர் நன்றாகவே தெறித்தது. நடு மடுவில் முன்சக்கரம் ஒரு பாறையில் ஏறித் திரும்பியபோது 'டக்' என்று ஒரு சத்தம். கிரீஸ் இல்லாமல் காய்ந்து கிடந்த ஜாயின்ட் உடைந்தது. முன்பக்கம் இழுப்பது நின்றது. பின்பக்கமாவது தள்ளியிருக்கலாம். ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் பலத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிற நடுப்பெட்டி, அளவு வேறான டயர்களோடு மல்லுக்கட்டியே ஏற்கெனவே வெந்துபோயிருந்தது. நாலு சக்கர வண்டியில் ஒரு சக்கரமும் சுற்றவில்லை. எஞ்சின் மட்டும் குழாய் வழியாக அருமையாக மூச்சு விட்டது.

"வின்ச்சு! வின்ச்சு!" என்று கரையிலிருந்த குரங்குகள் ஆர்ப்பரித்தன.

கம்பியைக் கொண்டுபோய் எதிர்க்கரை மரத்தில் கட்டினார்கள். சிங்காரவேலு பொத்தானை அமுக்கினான். கம்பி இறுகியது. பம்பர் புறப்பட்டது. கார் புறப்படவில்லை. ஏகாம்பரம் அந்தப் பெரிய இரும்பைத் தகரத்தோடு நாலு சின்ன திருகில் நிறுத்தியிருந்தார். பம்பரும் வின்ச்சும் ஜோடியாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தன.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே தெய்வானையின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. நஞ்சப்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் குரைத்தான். குரைப்பு அழுகையாக மாறியது. சிங்காரவேலு இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "விளக்கு எல்லாம் எரியுதே... விளக்கு எல்லாம் எரியுதே..." என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்போது அம்சவேணி தன் காரின் டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினாள். ஒரு குச்சியால் தண்ணீரைக் குத்திப் பார்த்தாள். பாறைத் தட்டின்மேல், அவள் நடக்கிற வேகத்திலேயே காரையும் நடத்தி, மடுவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். கயிற்றின் ஒரு முனையைக் காரில் கட்டி மறுமுனையை நஞ்சப்பனிடம் வீசினாள்.

"இடுப்புல கட்டிக்கங்க. அவங்களை முதுகுல போட்டுட்டு வாங்க. நான் இழுத்துக்கறேன். கீழ பார்க்காதீங்க, என்னையப் பாருங்க."

நஞ்சப்பன் அந்தப் பெரிய கண்களையே பார்த்துக்கொண்டு மார்பளவு தண்ணீரில் இறங்கினான். ஒருமுறை கால் வழுக்கி இருவரும் முழுகினார்கள். கயிறு இறுகியது. சின்ன கார் பின்னுக்கு ஒரு முழம் நகர்ந்து அவர்களை மேலே தூக்கியது. தெய்வானையை வைக்கோலில் கிடத்தினார்கள். வழியெல்லாம் நஞ்சப்பன், "நீங்கதான் சாமி அம்மிணி, நீங்கதான் சாமி" என்று புலம்பிக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரியில் குட்டியைத் திருப்பி எடுத்தார்கள். தாயும் பிழைத்தாள், குட்டியும் பிழைத்தது.

வேறு காடாக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும்.

மடுவிலிருந்து சிங்காரவேலுவையும் காரையும் கழகத்துக் குரங்குகள் கயிறு கட்டிக் கரையேற்றின. தெய்வானை ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் ஏகாம்பரம் எடுத்த வீடியோ எல்லோருடைய போனுக்கும் போனது. கூரை விளக்குகள் ஜொலிக்க, தண்ணீரை இரண்டாகப் பிளந்துகொண்டு கார் மடுவில் இறங்கும் காட்சி. 'டக்' சத்தத்துக்கு முன்பே வீடியோ முடிந்துவிடும். அடியில் ஒரு வரி: 'உயிரைப் பணயம் வைத்த சிங்காரவேலு'. யாருடைய உயிர் என்று போடவில்லை.

மலைக்குத் திரும்பிய நஞ்சப்பன் அதைப் பார்த்தான். மறுபடி பார்த்தான். அன்றைக்கு நடந்தது வீடியோவில் நடந்ததுபோலவே அவனுக்கு நினைவுக்கு வர ஆரம்பித்தது.

கழகம் பாராட்டு விழா நடத்தியது. சிங்காரவேலுவுக்கு மாலை போட்டார்கள். முட்களில் அது நன்றாக நின்றது. நஞ்சப்பன் குட்டியை மேடைக்குக் கொண்டுவந்து, "எங்களுக்காகத் தன் வண்டியவே தியாகம் பண்ணினாருங்க. குட்டிக்குச் சிங்காரவேலுன்னே பேர் வைக்கிறோமுங்க" என்றான். குட்டி பெண்குட்டி. தெய்வானை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கைதட்டலில் கேட்கவில்லை.

இறங்கி வரும்போது கூட்டத்தின் ஓரத்தில் அம்சவேணியைப் பார்த்த நஞ்சப்பன் நின்றான். "நீங்களும் வந்தீங்கல்ல அம்மிணி? அதுக்கும் நன்றிங்க."

ஒரு நரி எழுந்து, அந்தச் சின்ன கார் எப்படி ஓடையைத் தாண்டியது என்று சந்தேகம் கேட்டது. ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார்.

"அந்தக் கார் தாண்டுச்சுன்னா அது சுலபமான இடம்னு அர்த்தம். சுலபமான இடத்துல தாண்டறது சாதனை இல்லைங்க. சொல்லப்போனா, தோதான வழி தெரிஞ்சு வெச்சுக்கிட்டு முதல்லயே சொல்லாதது தப்பு."

"சொல்ல வந்தேனுங்க" என்றாள் அம்சவேணி. "அதுக்குள்ள..."

"சீக்கிரம் பேசணும் அம்மிணி" என்றார் ஏகாம்பரம். கூட்டம் சிரித்தது. அதே கூட்டத்தில் ஒரு விதியும் நிறைவேறியது: பாதுகாப்பை முன்னிட்டு, கழகம் சொல்லும் தோற்றம் இல்லாத எந்த வண்டியும் இனிமேல் மலைப்பாதையில் ஓடக் கூடாது.

அம்சவேணி காரைக் கொட்டகையில் விட்டு, உள்ளே உட்கார்ந்து அழுதாள். அவள் கண்கள் எப்போதுமே அழப்போவது போலத்தான் இருக்கும்; அதனால் அழுதது யாருக்கும் தெரியவில்லை. கழகத்து வண்டிகளோ ஒன்று விடாமல் பழுதாகிப் பட்டறையில் நின்றன. காய்ச்சல் கண்ட கிழட்டுக் காட்டெருமை ஒன்று ஊருக்கு நடந்தே கிளம்பி, ஓடைக்கு இந்தப் பக்கமே விழுந்து செத்தது. கழகம் இரங்கல் தெரிவித்தது.

அந்தச் செய்தி வந்த காலையில் அம்சவேணி எழுந்தாள். குளியலறைக்கு வாங்கி மிச்சமிருந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எடுத்தாள். கறுப்புச் சாயம் பூசி, பசை போட்டு, காரின் பக்கவாட்டில் கூரைவரை ஒட்டினாள். அது எஞ்சினோடு சேரவில்லை, எதனோடும் சேரவில்லை. கூரையில் எரியாத விளக்குகளை வரிசையாகக் கட்டினாள். கதவில் ஒரு சிறுத்தைப் படம் ஒட்டினாள்.

ஏகாம்பரம் வந்து சோதனை செய்தார். குழாயைத் தட்டிப் பார்த்து, "இப்பத்தான் அம்மிணிக்கு வண்டின்னா என்னன்னு புரிஞ்சிருக்கு" என்று அனுமதி கொடுத்தார். மறுநாளிலிருந்து பயணிகள் முண்டியடித்தார்கள். மயில்கள் நின்று பார்த்தன.

ஒருநாள், உடைந்த ஜாயின்டுக்கு மாற்று வாங்க ஊருக்குப் போக வேண்டிய சிங்காரவேலு அவள் காரிலேயே ஏறினான். பாறைத் தட்டின்மேல் கார் அலுங்காமல் ஓடையைத் தாண்டியது. அவன் ஜன்னல் வழியாகக் குழாயைப் பார்த்துத் தலையாட்டினான்.

"பார்த்தியா? குழாய் போட்டதும் எப்படி இழுக்குது! அப்பவே நான் சொன்னதைக் கேட்டிருந்தா எவ்வளவு பேரைக் காப்பாத்தியிருக்கலாம்?"

அம்சவேணி கியரை மாற்றினாள்.

"ஆமாங்கண்ணா" என்றாள். "மூச்சு நல்லா விடுதுங்க."

நீதி: பிறர் உயிரைக் காப்பாற்றப் புறப்படுகிறவர்கள் கூரைமேல் நாலு விளக்காவது கட்டிக்கொண்டு புறப்பட வேண்டும், இல்லையென்றால், காப்பாற்றியது யார் என்று பிழைத்தவர்கள் வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.