வீட்டுத் தரம் பெற்ற வீடு

எங்கள் தெருவுக்குப் பச்சை இலை தின்னும் நாகரிகம் வந்து சேர்ந்தபோது, பொதுநலன் கருதி நானும் அதில் இணைந்துகொண்டேன். சாலட் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு எல்லாரும் முகத்தில் மகிழ்ச்சியைக் காட்டினோம். சீக்கிரமே எல்லாருக்கும் நாக்கு செத்துப்போனது.

காப்பாற்றியவள் பக்கத்து வீட்டுத் தையல்காரி. தோட்டத்துப் புதினாவையும் கொத்தமல்லியையும் கிள்ளி வந்து, பொடியாக அரிந்து, எலுமிச்சைச் சாறு, எண்ணெய், தட்டிய பூண்டு, துளி தேன் சேர்த்து ஒரு புட்டியில் ஊற்றிக் குலுக்குவாள். அவ்வளவுதான். அதை மேலே விட்டால் சாலட் உள்ளே இறங்கும். வேலிக்கு மேல் கிண்ணத்தை நீட்டினால் சிரித்துக்கொண்டே ஊற்றுவாள். நான் கொஞ்சம் பெரிய கிண்ணமாகத்தான் நீட்டுவேன்.

புட்டியில் 'வீட்டில் செய்தது' என்று சீட்டு ஒட்டிக் கொடுத்தால் விற்றுத் தருவதாகத் தெருமுனைக் கடைக்காரர் சொன்னார். ஒட்டுவதற்கு அனுமதி வேண்டும். அதைப் பரிசீலிக்கத் தூய்மை அதிகாரி கையுறை சகிதம் எழுந்தருளினார்.

"வீட்ல யார் யாரும்மா இருக்கீங்க?"

"நான், அவரு, பொண்ணு, மாமியார்."

"அதான் சிக்கலே. பொருள் தயாராகிற இடத்துல ஆளுங்க குடியிருக்கக் கூடாது."

"வீடுன்னா குடியிருக்கத்தானே சார்?"

"அது சும்மா ஜனங்க பேசிக்கிறது. விதிப்படி வீடுன்னா, வீட்டில் செய்த பொருள் தயாராகிற இடம்."

ஆக, மேற்படி வீடு வீடாக விளங்கும் பொருட்டு, மேற்படி வீட்டார் தோட்டத்துக் கொட்டகைக்குக் குடிபெயர்ந்தார்கள். பேருந்து ஓட்டும் கணவர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போகையில், "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று எல்லாரிடமும் சொன்னார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

அதிகாரி மறுபடி வந்தார். இந்தத் தடவை தோட்டத்தைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது, செடியெல்லாம் மண்ணுல நிக்குது?"

"வேற எதுல சார் நிக்கும்?"

"மண்ணு அழுக்கு. உரிமம் வாங்கின காஞ்ச இலைத்தூள் பொட்டலத்துல வருது. அதைப் போடுங்க."

"புட்டி மேல 'புதுசாப் பறிச்ச இலை'ன்னு அச்சடிச்சாச்சே?"

"அது இருக்கட்டும், பார்க்க நல்லாருக்கு."

அனுமதி கிடைத்தது. வாசலில் 'வீட்டுத் தரம் பெற்ற வீடு' என்று பலகை ஏறியது. தையல்காரி தன் சமையலறைக்கே தலையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டுதான் போக முடிந்தது. தண்ணீர் குடிக்கப் போன மாமியாரை, 'வெளியார்' என்று வாசலில் புதிதாகப் போட்டிருந்த காவலாளி திருப்பி அனுப்பினார்.

ஒருநாள் சாயங்காலம் மகள் கேட்டாள்: "அம்மா, நம்ம வீட்டுக்கு எப்போ போவோம்?"

தையல்காரி அலுவலகத்துக்கு ஓடினாள். "எங்களுக்கு எதுவும் வேண்டாம் சார். பலகையைக் கழட்டிடுங்க. நாங்க உள்ள போயிடறோம்."

அதிகாரி மிகுந்த பரிவோடு பதில் சொன்னார். "தாராளமா கழட்டலாம்மா. ஆனா தரத்தை எடுத்துட்டா அது வீடு இல்ல, வெறும் கட்டடம். கட்டடத்துல குடியிருக்க அனுமதி கிடையாதே."

திரும்பி வந்து வேலியோரம் நின்று அழுதாள், முகமூடியைக்கூடக் கழற்றாமல். ஆறுதல் சொன்னேன். சொல்லும்போதே என் கண் அந்தப் பலகைமேல் போனதையும் மறைப்பதற்கில்லை. பித்தளை எழுத்து, வெயிலில் என்னமாய் மின்னியது! நம் வீடு மட்டும் எதில் குறைச்சல்?

இதே கேள்வி தெருவில் எல்லாருக்கும் எழுந்திருக்கிறது. இப்போது பலகை இல்லாத வாசலே கிடையாது. எங்கள் தெருவைப் போல வீட்டுத் தரம் மிகுந்த தெரு வேறெங்கும் இல்லை என்று அதிகாரி மேடையிலேயே பாராட்டினார். கொட்டகைகளிலிருந்து கைதட்டினோம்.

நேற்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தையல்காரி ஒரு கிண்ணத்தை நீட்டினாள். சின்னக் கிண்ணம்தான். கடையில் வாங்கிய புட்டியைத் திறந்து ஊற்றினேன். விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள்.

"வீட்ல செஞ்ச மாதிரியே இருக்குல்ல?" என்றேன்.

"எந்த வீட்ல?" என்றாள்.