அலைக்குக் கை காட்டிய கதை

உலகத்தில் எனக்கு ஆகவே ஆகாத ஒன்று கடல் அலை. வரிசையில் வராது, சொல்லிக்கொண்டு வராது, வந்ததற்கு விளக்கமும் தராது. நான் வேலை பார்த்த அரசாங்கக் கச்சேரியில் இப்படி ஓர் உத்தியோகத்தர் இருந்திருந்தால் முதல் கிழமையே இடமாற்றம் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

இந்தப் பகை மணற்காட்டுக் கரையில் தொடங்கியது. என் மகள் மயூரி அலைச்சறுக்குக்காரி. (பொறியியல் படித்த பிள்ளை, பலகையில் ஏறி நிற்கிறது. கேட்டால் அதுவும் பௌதிகமாம்.) அலைச்சறுக்குப் பயிற்றுநர் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். அலைமேல் நிற்கும்போது முகமும் கால் வைப்பும் தெளிவாகத் தெரிகிற படம் கேட்டார்கள். கரையில் நின்று எடுத்தால் பிள்ளை எறும்பாகத் தெரிந்தாள். தண்ணீருக்குள் நின்றுதான் எடுக்க வேண்டும். எடுக்கவிருந்த சிநேகிதிக்குக் காய்ச்சல். படம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள்.

"நான் எடுக்கிறன்," என்றேன்.

"அப்பா, உங்களுக்கு நீந்தவே தெரியாது."

"நெஞ்சளவு தண்ணியில நிக்கிறதுக்கு நீச்சல் என்னத்துக்கு?"

தண்ணீர் புகாத கமராக் கூட்டைச் சிநேகிதி கொடுத்துவிட்டிருந்தாள். நான் ஒழுங்கானவன், கையேட்டை முழுதாக வாசித்தேன். மூடியைச் சுற்றியுள்ள றப்பர் வளையத்தில் ஒரு தலைமயிர் கிடந்தாலும் தண்ணீர் உள்ளே போகும் என்றிருந்தது. மயூரிக்கும் உரத்து வாசித்துக் காட்டினேன். பிறகு, கமராவை வைத்து மூடும்போது, மூடியின் குறுக்கே இரண்டு கடுதாசிக் கீலங்களைக் கொடுத்து, நுனிகளை உள்ளே செருகி, வெளியே கையெழுத்து வைத்தேன். எத்தனையோ தேர்தலில் வாக்குப்பெட்டிக்கு முத்திரை வைத்த கை. என் மனைவியோ எந்தப் பெட்டியைக் கண்டாலும் திறந்து பார்ப்பவள். (கையேடு தலைமயிரைத்தான் சொன்னது. கடுதாசியைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதினவன் என்ன உத்தியோகத்தனோ!)

கடற்கரையில் மயூரி விரல் நீட்டிச் சொன்னாள்: "நான் வலப்பக்கமாத் திரும்புவன். நீங்கள் இடப்பக்கம் நில்லுங்கோ. நடுவில மட்டும் வராதேங்கோ."

இடப்பக்கம் நின்று பார்த்தேன். கமராச் சட்டத்துக்குள் எல்லாம் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. படம் என்றால் ஆள் நடுவில் இருக்க வேண்டும். நடுவுக்குப் போனேன்.

முதல் அலை என்னைக் குப்புற விழுத்தியது. இரண்டாவது மூக்கால் புகுந்தது. கரையில் குடையோடு நின்ற மனைவி, "இஞ்சருங்கோ, எழும்பி வாங்கோ! பிள்ளையின்ரை படம் போனால் போகட்டும்!" என்று கத்தினாள். போகட்டுமா? பொது இடத்தில் ஓய்வுபெற்ற ஒருவனிடம் சொல்கிற கதையா அது? பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

மூன்றாவது அலையின்மேல் மயூரி நின்றாள். நேராக என்னை நோக்கி வந்தாள்.

"விலத்துங்கோ அப்பா! விலத்துங்கோ!"

விலத்தவில்லை. கச்சேரியில் சனம் முண்டியடித்தால் காட்டுவதுபோல இடது கையை உயர்த்தி, உள்ளங்கையை விரித்து, அலையை நிற்கச் சொன்னேன். பயத்தில் வலது கை பொத்தானை அழுத்திவிட்டது. அலை நிற்கவில்லை. கடைசி நேரத்தில் பலகையைத் திருப்பிய மயூரி தண்ணீரில் விழுந்து எழும்பினாள்.

"உங்களுக்கு விசரே? உங்கடை மண்டையை எல்லே பிளந்திருப்பன்!"

பிறகு கமராக் கூட்டைப் பார்த்தாள். உள்ளே பாதிக்குத் தண்ணீர். என் கையெழுத்து நீலமாகக் கரைந்துகொண்டிருந்தது.

"இதென்ன கடுதாசி?"

"சீல்."

"ஆருக்குச் சீல்?"

"கொம்மாவுக்கு."

அவள் ஏசியிருந்தால் பரவாயில்லை. கரையில் குந்தியிருந்து கடலைப் பார்த்து அழுதாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை: அலைமேல், கையேட்டின்மேல், குடையின்மேல். மிஞ்சிய கோபத்தை வைக்க ஓர் ஆள்தான் இருந்தார். அவர் இடுப்பில் ஈரச் சாரத்தோடும் கையில் கமராக் கூட்டோடும் நின்றுகொண்டிருந்தார்.

கமரா செத்துவிட்டது. மெமரி காட்டை நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்திப் பார்த்தோம். இருந்தது ஒரே படம். அலைமேல் மயூரி, முகம், கால், எல்லாம் கண்ணாடிபோல. ஓரத்தில் விரிந்த ஒரு கை. வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினாள்.

மறுகிழமை பயிற்சிக்கு ஆள் எடுப்பவர்களிடமிருந்து ஒரு பெண் அழைத்தார். மயூரி தொலைபேசியைச் சத்தமாக வைத்தாள்.

"உங்களை எடுத்திருக்கிறம் தங்கச்சி. முன்னால ஆள் நிக்கேக்கை நிதானம் தப்பாமல் நிண்டிருக்கிறீங்கள், அதுதான் எங்களுக்குப் பிடிச்சது. அதுசரி, கையைக் காட்டிக்கொண்டு நிக்கிற அந்த விசரன் ஆர்?"

மயூரி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"தெரியாது மிஸ். ஆரோ தெரியாத ஆள்."

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு அதுதான் பெயர். "தெரியாத ஆளுக்குத் தேத்தண்ணி வேணுமோ கேள்" என்பாள் மனைவி. மயூரியின் கைத்தொலைபேசியிலும் என் இலக்கம் அந்தப் பெயரில்தான். எழுத்து மூலம் ஆட்சேபித்தேன், பதில் இல்லை.

இப்போது அவள் தெற்கே பிள்ளைகளுக்கு அலைச்சறுக்குப் பழக்குகிறாள். நேற்று அழைத்தாள். நான் எடுத்து ஹலோ சொன்னதும் கேட்டாள்:

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

என் குரல் தெரியாதா அவளுக்கு? இருந்த கோபமெல்லாம் திரட்டிச் சொன்னேன்:

"தெரியாத ஆள்தான் கதைக்கிறன்!"

இவ்வளவு கோபமாகச் சொல்லியும் சிரிக்கிறாள்.