கோணலாய் ஒரு குருவிக்கூடு

இயேசுவுக்குப் புகழ்.

முலுண்டில் கணவரோடும் மகன் ஜிபினோடும் சௌக்கியமாக இருக்கும் அன்புத் தங்கை ஜாக்குலினுக்கு, தாராவியிலிருந்து அண்ணன் சூசைமாணிக்கம் எழுதுவது. இங்கே நான், உன் மதினி, ஷைனி மூவரும் உடம்புக்குச் சுகம், மனசுக்குத்தான் சுகமில்லை. ஃபோனில் சொல்லலாம், ஆனால் நீ "அண்ணே, ட்ரெயின் வந்துட்டு" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால் முலுண்டுக்குப் போகிற சரக்கோடு, நம்ம அட்டைப்பெட்டிப் பட்டறையின் மிட்டாய் டப்பாவிலேயே இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன். உள்ளே மிட்டாய் இருக்கும் என்று தேடாதே.

நம்ம பிள்ளை அஞ்சு வயசில் பொய்க்காரி என்று பேர் வாங்கிவிட்டாள். டைரியில் மிஸ் சிவப்பு மையில் எழுதிவிட்டார். திங்கட்கிழமை நான் ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால் போய் நிற்க வேண்டும். ஒன்றாம் வகுப்புக்கு ஷைனியை எடுப்பதா வேண்டாமா என்று அன்றைக்குத்தான் சொல்வார்களாம்.

எல்லாம் நீ சிபாரிசு செய்த அந்த மாட்டுங்கா ஸ்கூலால் வந்த வினை. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு படப் புத்தகம் கொடுத்துவிடுகிறார்கள். எழுத்து கம்மி, படம் ஜாஸ்தி. அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளை தன் கையாலேயே எதையாவது செய்து பார்க்க வேண்டும், அதுதான் படிப்பு என்றார்கள். நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. கப்பல் புத்தகம் வந்த வாரம் உன் மதினியின் இட்லித் தட்டு பக்கெட்டில் மிதந்தது. விதைப் புத்தகம் வந்த வாரம் என் மழைக்காலச் செருப்புக்குள் கொண்டைக்கடலை முளைத்தது, பொறுத்துக்கொண்டோம். அப்புறம் குருவி கூடு கட்டுகிற புத்தகம் வந்தது, கூடவே ஒரு சீட்டும் வந்தது. கண்காட்சி வைக்கிறோம், பிள்ளைகளே கூடு செய்து கொண்டுவர வேண்டும், பெற்றோர் கை படவே கூடாது. பெற்றோர் கை படக்கூடாது என்று சொன்னால் பெற்றோர் என்ன செய்வார்கள்? அடுத்தவன் கையைத் தேடுவார்கள்.

மறுநாளே ஷைனி கூடப் படிக்கிற பையனின் அம்மா, பிரேமலதா என்று பேர், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நம்ம சந்துக்குள் நடந்து வந்து, "அண்ணா, நீங்கதானே அட்டைப்பெட்டி பண்றேள்? ஒரு கூடு வேணும். ஆனா குழந்தையே பண்ணின மாதிரி இருக்கணும்" என்றாள். சரி என்று கட்டிங் மாஸ்டர் அப்துல் ரவூபிடம் கொடுத்தேன். பிறந்ததிலிருந்து நேராகவே வெட்டின மனுஷன். "சூசண்ணே, கோணலா வெட்டச் சொன்னா கை கூசுதுண்ணே" என்றான். இடது கையில் வெட்டச் சொன்னேன், அதிலும் நேராகவே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வெட்டுடா என்றேன், அப்போதும் நேர்தான், கத்தரி மட்டும் என் சட்டையில் பட்டது. அந்த அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஐயையோ, டூ மச் நீட் அண்ணா, மிஸ் கண்டுபிடிச்சுடுவா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அப்போதுதான் ஷைனி ஸ்டூலிலிருந்து இறங்கி, "மாமா, அப்படி இல்ல மாமா, தள்ளுங்க" என்று அட்டையைப் பிய்த்து, தேங்காய் நாரைச் சுற்றி, பசையை அள்ளி அப்பி, குருவிக்கு வால் இருக்கிற இடத்தில் மூக்கை ஒட்டினாள். "இதேதான்! இதேதான்!" என்று பிரேமலதா கையைத் தட்டினாள்.

அவ்வளவுதான், பாதி வகுப்பு நம்ம பட்டறைக்கு வந்துவிட்டது. எல்லாக் கூட்டையும் ஒட்டினது ஷைனி ஒருத்திதான். எந்த நார் வளையும், எந்த நார் வழுக்கும், முட்டை உருளாமல் இருக்க நடுவில் எவ்வளவு குழி வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தாள். அந்தப் புத்தகத்தை வகுப்பில் படித்த ஒரே ஆள் அவள்தான். கடைசியில் தன் கூடு செய்கிற நேரம் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நானும் புத்தி கெட்டுப்போய் அப்துல் ரவூபிடம் சொல்லிவிட்டேன். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த ஆசையெல்லாம் சேர்த்து, மாடிப்படியும் பால்கனியும் வைத்து ஒரு கூடு கட்டிவிட்டான் பாவி.

கண்காட்சியில் மிஸ் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, "பாருங்க பேரண்ட்ஸ், இதுதான் ஒரிஜினல் குழந்தைக் கை" என்றார். நம்ம கூட்டைப் பார்த்ததும், "இது அப்பா கை" என்று மேஜைக்குக் கீழே வைத்துவிட்டார். ஷைனி ஓடிப்போய் ஒவ்வொரு கூட்டையும் தொட்டு, "இது நான் செஞ்சது மிஸ், இதும் நான் செஞ்சது, அதும் நான் செஞ்சது" என்கிறாள். மிஸ்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. பிரேமலதா மேலே ஃபேனைப் பார்த்தாள். பிள்ளை என்னைப் பார்த்தாள். ஜாக்குலின், நானும் அதே ஃபேனைத்தான் பார்த்தேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம், "ஏம்ப்பா நீ சொல்லல?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஆகவே முடிவு பண்ணிவிட்டேன். கூடு வியாபாரம் இன்றோடு நின்றது. இனி நம்ம பட்டறையில் நேர்க்கோடு மட்டும்தான். கூடு கேட்டு வருகிற பார்ட்டி போனால் போகட்டும், திங்கட்கிழமை உண்மையைப் போட்டு உடைக்கப் போகிறேன். என் இங்கிலீஷ் குட்மார்னிங்கோடு முடிந்துவிடும், நீதான் லீவு போட்டுவிட்டு வந்து பேச வேண்டும்.

காலை ஃபாஸ்ட் லோக்கல் ட்ரெயினில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் உட்கார இடம் கிடைக்கும்படி புனித அந்தோனியார் காத்தருள்வாராக. மதினி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உன் அண்ணன்,
சூசைமாணிக்கம்

பின்குறிப்பு: லீவு போட்டிருந்தால் கேன்சல் செய்துவிடு. டப்பாவை மூடப் போகிற நேரம் ஹெட்மிஸ்ட்ரஸே பட்டறை வாசலில் வந்து நின்றார். அடியம்மா, வீடு தேடி வந்து திட்டப் போகிறார் என்று பயந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அதற்கு இல்லை. அவர் பேரன் செம்பூரில் வேறு ஸ்கூலில் படிக்கிறானாம், அங்கேயும் படப் புத்தகமாம், விலாசம் கொடுத்தது பிரேமலதாவாம். "ஓர் ஆமை வேணும், குழந்தை செஞ்ச மாதிரி" என்று மெதுவாகச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் ஷைனி முன்னால் வந்து, "நான் பொய் சொல்லலன்னு டைரில எழுதுங்க மிஸ், அப்பறந்தான் பசையத் தொடுவேன்" என்றாள். அந்த அம்மா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஒன்றாம் வகுப்பு இடமும் உறுதி. ஆகையால் வியாபாரத்தை நிறுத்துவது பற்றி மேலே எழுதினதை அடித்துவிட்டு வாசி. ஜிபின் ஸ்கூலுக்கும் ஒரு நத்தை வேண்டும் என்று நீ அனுப்பின மெசேஜையும் இப்போதுதான் பார்த்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் ஆமைக்கு அடுத்து உன் நத்தைதான். எவ்வளவு கோணலாக வேண்டும் என்று ஷைனி கேட்கிறாள், சொல்லு.