விலாசம் மறைத்த வாரியம்

திருவனந்தபுரத்தில் தெருவிளக்கு நல வாரியம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. விளக்கை எரிய வைப்பது அதன் வேலை அல்ல; அதற்கு வேறு இலாகா உண்டு. கம்பம் நடுவதற்கு இன்னொன்று, பல்பு வாங்குவதற்கு மற்றொன்று. எரியாத விளக்குகளைப் பற்றிப் பொதுமக்கள் கொண்டுவரும் புகார்களைக் கனிவோடு பெற்று, மேற்படி மூன்று இலாகாக்களையும் 'ஒருங்கிணைப்பது' மட்டுமே வாரியத்தின் திருப்பணி. தைக்காட்டில் ஒரு பழைய கட்டடம். கீழே லாட்டரிக் கடை, மேலே வாரியம். இரண்டுக்கும் நம்பிக்கையோடு ஆட்கள் வந்து போனார்கள்.

சூப்பிரண்டு பகவதிப்பெருமாள் நாஞ்சில் நாட்டுப் பூர்வீகம். கரமனையில் வீடு. இத்தனை வருஷ சர்வீஸில் அவர்மேல் ஒரு குற்றச்சாட்டும் கிடையாது. எந்த முடிவையும் எடுத்தது அவர்தான் என்று யாராலும் நிரூபிக்க முடியாதபடி எழுதக் கற்றவர்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்து, நாரத்தங்காய் ஊறுகாய் போடும் விதத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். நாரத்தங்காய் நறுக்கி, உப்பும் போட்டாயிற்று. அந்த நேரம் பார்த்துத் திரை முழுக்கச் சிவந்தது. ஒரு பூட்டுப் படம் துள்ளியது. கீழே தமிழ் மாதிரி ஏதோ எழுதியிருந்தது.

"எச்சரிக்கை! அன்புள்ள தொலைபேசி, உங்கள் ஜன்னல்கள் சேதமடைந்துள்ளன. பேட்டரியில் வைரஸ் குடியிருக்கிறது. உங்கள் முகவரி எல்லோருக்கும் தெரிகிறது. இப்போதே மறைக்கவும். பத்துப்பூட்டு ப்ரோ, ராணுவத் தரம்."

பகவதிப்பெருமாள் எளிதில் எதையும் நம்புகிறவர் அல்ல. தலையைத் தூக்கி ஆபீஸ் ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடி உடைந்துதான் இருந்தது. போன மழைக்காலத்தில் உடைந்தது. மாற்றுவதற்கான கோப்பு இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது. வாரியத்துக்குள்ளேயே பாதிப்பேர் கவனிக்காத விஷயம் இது. இதைக் கண்டுபிடித்தவன் மற்றதையும் பொய் சொல்ல மாட்டான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

'பரிசோதி' என்ற பொத்தானை அழுத்தினார். ஒரு வட்டம் சுற்றியது. பிறகு வந்தது முடிவு: "சி டிரைவ் 93 சதவீதம் சேதம். உங்கள் முகவரி 192.168.1.1. ஊர்: நாக்பூர்."

"லீலாபாய்!" என்று அலறினார்.

செக்‌ஷன் கிளார்க் லீலாபாய் கைகூடக் கழுவாமல் ஓடிவந்தார்.

"சார், என்ன ஆச்சு?"

"என்னைய நாக்பூருக்கு மாத்தியாச்சு."

லீலாபாய் படித்துப் பார்த்தார். தன் போனிலும் அதே பொத்தானைத் தேடிப்பிடித்து அழுத்தினார். அதே நம்பர், அதே நாக்பூர், அதே தொண்ணூற்று மூன்று சதவீதம்.

"எனக்கும் இதே விலாசம்தான் சார்."

"ஒரே ஆபீஸ்ல இருக்கோம்லா, விலாசமும் ஒண்ணாத்தானே இருக்கும்? துல்லியமா காட்டுகான் பாத்தியளா!"

"அப்போ சார், நாக்பூர்?"

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு. நம்மள எங்க கொண்டு வச்சிருக்கான்னு நமக்கே தெரியல்ல."

விஷயம் டைரக்டர் விஜயமோகன் சாரிடம் போயிற்று. அவர் கோவளத்தில் ஒரு நட்சத்திர ஓட்டலில் இணையப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றவர். பயிற்சியில் அவர் நினைவில் தங்கியது இரண்டு: வாழையிலையில் பொதிந்து வந்த கரிமீன் பொள்ளிச்சது, பூட்டுப் படம் தெரிந்தால் பத்திரம் என்பது. அவர் மலையாளத்தில் பேசியதை இங்கே தமிழில் தருகிறேன். கம்பீரம் கொஞ்சம் குறைந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

"பெருமாளே, யோசித்துப் பாரும். நமக்கு வருகிற தொல்லை எல்லாம் எங்கிருந்து வருகிறது? வெளியே இருந்து. வெளியே இருப்பவனுக்கு நாம் இங்கே இருப்பது எப்படித் தெரிகிறது? விலாசத்தால். அப்போது எதை மறைக்க வேண்டும்?"

இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பத்துப்பூட்டு ப்ரோ என்ற அந்தச் செயலியை வாங்குவதற்குக் கமிட்டி அமைக்கப்பட்டது. கமிட்டி கூடும்வரை முகவரியைக் கையாலேயே மறைப்பது என்று தீர்மானமாயிற்று. பகவதிப்பெருமாள் சுற்றறிக்கை எழுதினார்: "பொதுமக்களின் நலன் கருதி, வாரியத்தின் முகவரி பொதுமக்களிடமிருந்து மறைத்து வைக்கப்படுகிறது. மறைத்து வைக்கப்பட்டிருக்கும் இடத்தை விசாரிப்பது ஒழுங்கீனமாகக் கருதப்படும்."

வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றி உள்ளே சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். ரப்பர் ஸ்டாம்பிலிருந்து 'தைக்காடு' என்ற எழுத்துகளைப் பிளேடால் சீவினார்கள். பீரோவுக்குப் பூட்டு கெட்டுப்போய்ப் பல நாள் ஆகியிருந்தது. அதன்மேல் ஒரு பூட்டுப் படத்தைப் பிரிண்ட் எடுத்து ஒட்டினார்கள். அன்று முதல் லீலாபாய் கைப்பையை அதில் வைத்துவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனார்.

இந்தச் சமயத்தில்தான் ராஜையன் வந்தார். ஆரியசாலையில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரி. அவருடைய சந்தில் ஓணத்துக்குப் பிறகு ஒரு விளக்கும் எரியவில்லை. இருட்டில் லாரிக்காரர்கள் மூட்டையை மாற்றி மாற்றி இறக்கினார்கள். வற்றல் மூட்டைகள் எதிரே மெத்தைக் கடையில் பஞ்சோடு பஞ்சாக இறங்கி, அந்த வாரம் வாங்கிய மெத்தைகளில் படுத்தவர்கள் விடிய விடியத் தும்மினார்கள். அதுகூடப் போகட்டும். சுமை தூக்கும் தாசையன் இருட்டில் படி தவறி விழுந்து, கையில் கட்டோடு வீட்டில் இருந்தார்.

ராஜையன் தைக்காட்டை இரண்டு முறை சுற்றினார். போன தடவை வந்த கட்டடம் இருந்தது, வாரியம் இல்லை. லாட்டரிக் கடைக்காரரிடம் கேட்டார். "மேல ஆபீஸ் இருக்கோ இல்லையோ, எனக்குச் சொல்ல அனுமதி இல்ல சேட்டா. ஒரு டிக்கெட் எடுக்குதீங்களா?" என்றார் அவர். அப்போது மாடிப்படியில் பகவதிப்பெருமாள் இறங்கி வந்தார்.

"சாரே! நம்ம ஆபீஸ் எங்க போச்சு?"

"எங்கயும் போகல்ல."

"பின்ன எங்க இருக்கு?"

"அத சொல்லப்பிடாது."

"நீங்க இப்ப எங்கேருந்து வாறீங்க?"

பகவதிப்பெருமாள் ஒரு கால் கடைசிப் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றார். பின்னால் திரும்பாமல், "பொதுவா வாறேன்" என்றார்.

ராஜையன் சட்டைப் பையிலிருந்து புகாரை எடுத்தார். பகவதிப்பெருமாள் அதை வாங்கிப் படித்து, பதறிப்போய்த் திருப்பிக் கொடுத்தார்.

"அய்யோ, இது எல்லாருக்கும் மனசிலாகும்படி இருக்கே!"

"மனசிலாகணும்னுதானே சாரே எழுதியது?"

"இப்ப அதெல்லாம் மாறியாச்சு. ஒரு முனையில நீங்க, மறு முனையில நாங்க. நடுவுல இருக்கவன் வாசிச்சா ஒண்ணும் பிடிபடப்பிடாது. ராணுவத்துல அப்படித்தானாம்."

ராஜையன் அங்கேயே லாட்டரிக் கடை மேசையில் குனிந்து, கடையில் அவசரத்துக்குக் கிறுக்குவதுபோல் இன்னொன்று எழுதிக் கொடுத்தார். பகவதிப்பெருமாள் அதை மேலே கொண்டுபோனார். லீலாபாய் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு அட்சரம் வாசிக்க முடியல்ல சார்."

"ரொம்ப நல்லது" என்று டைரக்டர் அதில் கையெழுத்துப் போட்டார். அதிகபட்சப் பாதுகாப்போடு வந்த முதல் புகார் என்பதால், யாரும் திறக்கக்கூடாதென்று அது பூட்டுப் படம் ஒட்டிய பீரோவுக்குள் போயிற்று.

பகவதிப்பெருமாள் கெட்டவர் அல்ல. முதல் புகாரில் படித்த தாசையனின் கை அவர் மனசில் கிடந்து உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் கிரீஷ் வீட்டுக்கு வந்தபோது பேச்சு அதில் போய் முடிந்தது. கிரீஷ், கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த கழக்கூட்டத்தில் வேலை பார்க்கிறவன். இன்ன வேலை என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. கழக்கூட்டம் என்றாலே போதுமானதாக இருந்தது.

"பத்துப்பூட்டு ப்ரோவா? மாமா, அந்த விளம்பரம் நான் எழுதினதாக்கும்" என்றான் கிரீஷ், வெட்கமும் பெருமையுமாக.

பகவதிப்பெருமாள் எழுந்து நின்றுவிட்டார். "லேய், எங்க ஜன்னல் உடைஞ்சது உனக்கு எப்படித் தெரியும்?"

"எந்த ஜன்னல்? ஓ, அது விண்டோஸ். கம்ப்யூட்டர்ல உள்ள சாதனம். மெஷின் தமிழாக்கினப்ப ஜன்னல் ஆயிருக்கும். போன்ல விண்டோஸ் கிடையாது, சி டிரைவும் கிடையாது. கம்ப்யூட்டருக்கு எழுதினதை அப்படியே போனுக்கும் விட்டுட்டோம்."

"அந்த நம்பர்?"

"அது எங்க ஆபீஸ் வைஃபை பெட்டியோட நம்பர். பின்னாலதான் தெரிஞ்சது, உலகத்துல முக்காவாசிப் பெட்டிக்கு அதே நம்பர்தான்னு. அந்தப் பெட்டி இருக்க வீட்டுக்குள்ள மட்டும்தான் அதுக்கு அர்த்தம். வெளிய இருக்கவனுக்கு அத வச்சு ஒண்ணும் செய்ய முடியாது."

"நாக்பூர்?"

"படம் வரைஞ்ச பையனுக்கு ஊர் நாக்பூர். மாத்த மறந்துபோச்சு."

"அப்போ அந்த வட்டம் சுத்தி, பரிசோதிச்சு, தொண்ணூத்தி மூணு..."

"வட்டம் சும்மா சுத்தும் மாமா. முதல்ல நூறுன்னுதான் போட்டோம். எல்லாரும் போனத் தூக்கி அலமாரியில வச்சிட்டா. தொண்ணூத்தி மூணுன்னா ஏழு பாக்கி இருக்குல்லா, அதக் காப்பாத்த பைசா தருவா."

"எல்லாம் பொய்யா மக்கா?"

கிரீஷுக்கு வருத்தமாகிவிட்டது. "பொய்யுன்னு சொல்லாதீங்க மாமா. எங்க ஆபீஸ்ல இதுக்கு விழிப்புணர்வுன்னு பேரு."

திங்கட்கிழமை காலையில் பகவதிப்பெருமாள், சர்வீஸிலேயே முதல் முறையாக, யாரும் கேட்காமல் உண்மையைச் சொல்லப் போனார். டைரக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"விளம்பரம் பொய். சரி. பலன் பொய்யா? போன மாதத்தில் எத்தனை புகார் வந்தது?"

"வாசிக்கும்படியா ஒண்ணும் வரல்ல சார்."

"நகரத்தில் ஒரு விளக்கைப் பற்றியும் புகார் இல்லை. மேலிடத்தில் நம்மை முன்மாதிரி அலுவலகமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மற்ற அலுவலகங்களும் விலாசத்தை மறைப்பது எப்படி என்று நம்மிடம் கற்றுக்கொள்ள வருவதாக இருந்தார்கள். நம் இடம் தெரியாததால் வரவில்லை. அதுவே பாராட்டுத்தானே?"

பகவதிப்பெருமாள் தன் நாற்காலிக்குத் திரும்பினார். ஆனால் அன்று சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் அவர் பஸ் ஏறவில்லை. நேரே ஆரியசாலைக்கு நடந்தார். ராஜையனிடமாவது ஒப்புக்கொண்டுவிட வேண்டும், கையோடு ஒரு தெளிவான புகாரை எழுதி வாங்கி, தானே மூன்று இலாகாவுக்கும் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தபோது நெஞ்சு லேசாக இருந்தது.

போய்ச் சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. சந்துக்குள் நுழைந்தவருக்கு ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. கடைகள் இருந்தன. பலகைகள் இல்லை. கதவு நம்பர்கள்மேல் சுண்ணாம்பு பூசியிருந்தது. வாசனையைப் பிடித்துக்கொண்டே போனார். தும்மல் வந்த இடத்தில் நின்றார். உள்ளே ராஜையன் இருந்தார். பக்கத்தில் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு தாசையன்.

"ராஜையன் அண்ணாச்சி, எங்க ஆபீஸ் தைக்காட்டுல அதே மாடியிலதான் இருக்கு" என்றார் பகவதிப்பெருமாள். "எல்லாம் பொய். ஒரு கம்ப்ளெயிண்ட் எழுதித் தாங்க. நான் நின்னு லைட்டு போட்டுத் தாறேன்."

ராஜையன் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாரே, மெதுவாப் பேசுங்க. லைட்டெல்லாம் வேண்டாம்."

"வேண்டாமா?"

"உங்க சர்க்குலர் பாத்துட்டு நாங்களும் போர்டு எடுத்தோம். அதுக்குப் பெறவு ஒரு இன்ஸ்பெக்டர் வரல்ல, ஒரு கட்சிக்காரன் பணம் பிரிக்க வரல்ல, வரிக்காரன் ரெண்டு நாள் சந்துக்குள்ள சுத்திட்டு மெத்தைக் கடையில படுத்துத் தும்மிட்டுப் போனான். லைட்டு வந்தா எல்லாம் கண்ணுக்குத் தெரியும்லா?"

"தாசையனுக்குக் கை..."

தாசையன் முந்திக்கொண்டார். "எனக்கு இது இடது கை சாரே. பரவாயில்ல."

பகவதிப்பெருமாள் திரும்பி நடந்தார். நாலு எட்டுத்தான் வைத்திருப்பார். ஓடைக்கு மூடி இல்லாத இடம் இருட்டில் தெரியவில்லை. இடுப்புவரை உள்ளே போய்விட்டார். கால் பிசகிவிட்டது. ராஜையனும் கடைக்காரர்களும் ஓடிவந்து தூக்கிப் பார்த்தார்கள். வலியில் அவர் போட்ட சத்தத்தில் மறுபடியும் அங்கேயே விட்டுவிட்டார்கள். ஒருவர் தனியார் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு அவர் காதில் வைத்தார்.

"ஹலோ, ஆம்புலன்ஸ். எந்த இடம் சார்? விலாசம் சொல்லுங்க" என்றது ஒரு பெண்குரல்.

பகவதிப்பெருமாள் வாயைத் திறந்தார்.

"சொல்லிராதீங்கோ!" என்றது சந்து முழுவதும் ஒரே குரலில்.

அவர் சுற்றிலும் பார்த்தார். அத்தனை முகமும் இருட்டில்தான் இருந்தது. ஆனாலும் எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுவது தெரிந்தது.

"மோளே," என்றார் கடைசியில், "அது சொல்லப்பிடாது. பாதுகாப்புப் பிரச்சினை."

மறுமுனையில் அந்தப் பெண் மரியாதையான குரலில் பேசினாள்.

"மனசிலாச்சு சார். எங்க வண்டியும் இப்ப எங்க நிக்குதுன்னு யாருக்கும் சொல்றதில்ல. டிரைவருக்கும் சொல்லல்ல. நீங்க அங்கேயே இருங்க, எப்படியும் வந்துருவோம்."