கோட்டுக் கங்காணிக்கு முகம் இல்லை

மஹய்யாவ,
கண்டி.

பெருமதிப்புக்குரிய மைத்துனர் கறுப்பையா அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம். கதிர்காமக் கந்தன் அருளால் வவுனியாவில் நீங்களும் நலமாகவே இருப்பீர்கள். அந்த நலத்தோடு இருக்கிறபோதே இதைப் படித்துவிடுங்கள். உங்கள் மகன் செய்த வேலையைக் கேட்ட பிறகு அது நிலைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் கட்டி வந்து வேலை வாங்கிய எங்கள் தாத்தா வேலாயுதக் கங்காணியின் தைலவண்ணப் படத்தை நீங்கள் அறியாதவரல்ல. உங்கள் தங்கையைப் பெண் பார்க்க வந்தபோது அதன் பிரதியைப் பழத்தட்டில் வைத்துக் கொண்டுவந்தோம் என்று இன்றுவரை கேலி செய்கிறவர் நீங்கள். கறுப்புக் கோட்டு, கடிகாரச் சங்கிலி, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி, உட்காரச் சிங்கமுகம் செதுக்கிய கதிரை, தலைப்பாகை, முறுக்கு மீசை. கண்டியில் யார் விழா மலர் போட்டாலும் முதல் பக்கத்தில் அந்தப் படம்தான். தபால் அதிபராக இருந்து முத்திரை குத்தியே தேய்ந்த எனக்கு, ‘கோட்டுக் கங்காணி பேரன்’ என்பதில்தான் ஊரில் ஒரு மரியாதை. எங்கள் சங்கத்தின் புதுப்பித்த மண்டபத்துக்குத் தாத்தாவின் பெயரையே வைப்பதாகச் சங்கத் தலைவர் அந்தோனி வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

பழைய மண்டபத்தில் தொங்கித் தொங்கிப் படம் அழுக்கேறிக் கிடந்தது. குண்டசாலையில் நம்ம பிள்ளை ஓவியனாக இருக்கும்போது வெளியாளிடம் எதற்கு என்று உங்கள் கஜேந்திரனிடம் துலக்கக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். திறப்பு விழாவன்று காலையில் அவன் ஆட்டோவில் இரண்டு பொட்டலங்களைக் கொண்டுவந்து இறக்கி, இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டு எதை மாட்டுவதென்று சொல்லுங்கள் மாமா என்றான். குருக்கள் குறித்த நேரத்துக்கு முன்னால் படத்தில் கண் படக்கூடாது, இதுகூடத் தெரியாமல் என்ன படித்தாய் என்று அவனை ஏசினேன். பெரிய மனுஷர் பெரிய பொட்டலத்தில்தானே இருப்பார்? சின்னதை அலுமாரியில் தள்ளிவிட்டு, பெரியதைக் கண்ணை மூடிக்கொண்டே நான் கடதாசி கிழிக்க, உங்கள் தங்கை சிவப்புப் பட்டைப் போர்த்தினாள். அவளும் கண்ணை மூடியிருந்ததாகத்தான் சொல்கிறாள்.

நேரம் வந்தது. பட்டு விலகியது. நான் பக்தியோடு குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தேன். குருக்களுக்கோ பார்வை மட்டு. கர்ப்பூரம் காட்டி, சந்தனம் வைத்து, மாலையும் போட்டு முடித்துவிட்டார். நிமிர்ந்து பார்க்கிறேன், தாத்தாவுக்கு முகம் இல்லை மச்சான்!

தலைப்பாகைக்குக் கீழே, முகம் இருக்க வேண்டிய இடத்துல தோட்டத்துச் சனம் குடியிருக்கிற லயத்து வீட்டுக் கதவு. பாதி திறந்து கிடக்குது. உள்ளேயிருந்து ஒரு பொம்பளைக் கை கொழுந்துக் கூடையோட வெளியே நீளுது. சந்தனப் பொட்டு நாதாங்கி மேல இருக்குது. கடிகாரச் சங்கிலி நீண்டுக்கிட்டே போய், முடிவுல கடிகாரத்தைக் காணோம். அதுக்குப் பதிலா குஞ்சு குளுவானோட ஒரு வரிசை சனம் மலை ஏறுது. கோட்டுக்குக் கீழே சப்பாத்து இல்லை, வெறுங்கால். அதுவும் பொம்பளைக் கால், அட்டை கடிச்சு ரத்தம் வழியுது. கேட்டால் இது சர்ரியலிசமாம், கனவில் வருகிற மாதிரி வரைவதாம். கெட்ட கனவு கண்டால் மனுஷன் திருநீறு பூசிக்கொண்டு திரும்பிப் படுப்பான். அதைக் கொண்டுவந்து மண்டபத்தில் மாட்டச் சொல்வானா? கொடுத்த படத்தை ஏன் துலக்கவில்லை என்று கேட்டேன். கீழே கிடந்த சிவப்புப் பட்டை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டான். அவ்வளவு திமிர்.

உடனே கழற்றவும் வழியில்லை. கர்ப்பூரம் காட்டியதை நாற்பத்தெட்டு நாள் அசைக்கக்கூடாது என்று குருக்கள் சொல்லிவிட்டார். இதில் கொடுமை என்னவென்றால், சனம் வருகிறது. தாத்தா முகத்தோடு தொங்கிய காலத்தில் ஒரு நாய் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது ஹந்தானைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். கொழுந்தெடுத்து ஓய்ந்த அங்கம்மா என்கிறவள் அந்தக் கால்களுக்குக் கீழே செவ்வரத்தம்பூ வைத்தாள். அம்மா, இது கங்காணி ஐயாவின் கால் இல்லை என்று பொறுமையாகத்தான் விளக்கினேன்.

“தெரியுதுங்க. இது எங்க அம்மா காலு. கோட்டு யாரோடதா இருந்தா எங்களுக்கு என்னாங்க?” என்றாள்.

அந்தோனி பக்கத்தில் நின்று கேட்டார். அதன் பிறகு பெயர்ப் பலகைப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. வயிறு எரியுது மச்சான். எனக்கென்று சொல்லிக்கொள்ள அந்த முகம் ஒன்றுதான் இருந்தது. அதையும் உங்க பிள்ளை கதவாக்கி, ஊரே எட்டிப் பார்க்க விட்டுட்டான். உங்கள் தங்கையோ அவனை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டுச் சோறு போடுகிறாள். அவன் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறான்.

வருகிற வெள்ளி நாற்பத்தெட்டாவது நாள். அன்று அவனே வந்து தன் கனவைக் கழற்றிக்கொண்டு போகவேண்டும், சபை முன்னால் மன்னிப்பும் கேட்கவேண்டும். பெற்றவர் என்ற முறையில் நீங்கள் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டியது. தவறினால் நம் இரு குடும்பத்துக்கும் நல்லது கெட்டது இனி இல்லை.

வீட்டில் சகலருக்கும் எங்கள் அன்பும், சின்னவர்களுக்கு ஆசியும். முருகன் உங்களுக்கு நீண்ட ஆயுளும் உங்கள் மகனுக்குக் கொஞ்சம் புத்தியும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த மைத்துனன்,
இராமநாதன்

பி.கு.: முத்திரை ஒட்டியாயிற்று. உறையை மூடுவதற்கு முன், வெள்ளிக்கிழமைக்குத் தயாராக இருக்கட்டுமே என்று அலுமாரியிலிருந்த சின்னப் பொட்டலத்தைப் பிரித்தேன். பழைய படம்தான், காதோரம் ஒரு நகக்கண் அளவு துடைத்துப் பார்த்ததைத் தவிர அழுக்கும் அப்படியே. மண்ணெண்ணெயில் பஞ்சைத் தோய்த்து நானே காதோரம் தேய்த்தேன். காது வெளுத்துச் சிவந்து வந்தது. அழுக்குப் போகிறதென்று இன்னும் தேய்த்தேன். மீசை பஞ்சோடு வந்துவிட்டது. தலைப்பாகைக்கு அடியில் ஒரு தொப்பி, தொப்பிக்கு அடியில் நீலக் கண்ணோடு ஒரு வெள்ளைக்காரத் துரை. கோட்டு, சங்கிலி, கைத்தடி, கதிரை எல்லாம் அவனுடையது. அவன் முகத்தின் மேல்தான் யாரோ தாத்தாவை வரைந்து வைத்திருக்கிறார்கள். அதையும் நானே துடைத்து முடித்துவிட்டேன்.

படத்தைத் திருப்பினேன். பின்பலகையில் கஜேந்திரன் பென்சிலால் எழுதியிருக்கிறான்: “மாமா, இதுக்கு மேல தொடைக்காதீங்க. நான் யாருகிட்டயும் சொல்லல.”

முத்திரையை வீணாக்கத் தபால்காரனுக்கு மனம் வராது, அதனால் அனுப்புகிறேன். வாசித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். பிள்ளையிடம் ஒன்றும் கேட்காதீங்க மச்சான். அவன் படம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவான், அவன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?