எல்மர் எண்ணிய கால்கள்

"நாப்பத்தொண்ணுங்கிறது நாயையும் சேர்த்தாப்பா?"

டெஸ்ஸா இப்படிக் கேட்டதும் எல்மர் கோவாக்குக்கு முகம் சுருங்கிவிட்டது. ஊரின் மையக் கடைவீதியைக் கவனித்துக்கொள்கிற ஹார்மன் டவுன்டவுன் சங்கத்தில் முப்பத்தொரு வருடமாக வேலை பார்க்கிறவர். அந்தச் சங்கத்துக்கு ஒரே ஊழியரும் அவர்தான். அவரிடம் போய், அதுவும் பெற்ற மகளே, நாயைச் சேர்த்தீர்களா என்று கேட்டால் எப்படி இருக்கும்?

"நாய் தனி, மனுஷன் தனி. நாப்பத்தொரு மனுஷங்க. சனிக்கிழமை பத்து மணியிலேர்ந்து பதினொண்ணு வரைக்கும், மெயின் தெருவுல."

"பெல்ஃபீல்ட்ல?"

எல்மர் காபிக் கோப்பையை மேஜைமேல் ஒருமுறை சுற்றி வைத்தார்.

"பன்னெண்டுலேர்ந்து ஒண்ணு வரைக்கும், அம்பத்தெட்டு."

"பதினேழு பேர் ஜாஸ்தி," என்றாள் டெஸ்ஸா. குற்றம் சொல்கிற குரலில் இல்லை. அடுப்பில் எத்தனை டிகிரி என்று பார்த்துச் சொல்கிற குரல். எட்டு வருடம் கிளீவ்லாந்தில் யாருடைய பேக்கரியிலோ மாவு பிசைந்துவிட்டு, இப்போது சொந்தமாக ஒன்று திறக்கப் போகிறாள். இரண்டு கடைகள் பார்த்து வைத்திருந்தாள். ஒன்று ஹார்மனில், எல்மரின் நண்பன் கஸ்ஸின் சலூனை ஒட்டி ஒன்பது வருடமாகப் பூட்டிக் கிடக்கிற பழைய செருப்புக் கடை. இன்னொன்று ஐம்பது நிமிடக் கார் தூரத்தில், பெல்ஃபீல்டின் கடைவீதியில். மே மாதக் கடைசிச் சனிக்கிழமைக்குள் ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டும்.

"எந்தத் தெருவுல ஆள் நடக்குதோ அங்கதான் ரொட்டி விக்கும். இந்த வாரத்தையும் சேர்த்து ஆறு வாரம் ரெண்டு ஊரையும் எண்ணிச் சொல்லுங்க. நீங்க சொல்ற நம்பரை அப்படியே நம்புவேன்," என்றாள்.

அங்கேதான் அவருக்குச் சங்கடம். எல்மருக்கு மகள் ஹார்மனில்தான் இருக்க வேண்டும். மனைவி காலமாகி நாலு வருடமாகிறது. மூன்று படுக்கையறை வீட்டில் அவர் ஒருவர் மட்டும் நின்றபடியே பாலில் கார்ன்ஃப்ளேக்ஸ் போட்டுச் சாப்பிட்டுக் கொண்டிருக்கிறார். மகள் ஆறு தெரு தள்ளிக் கடை போட்டால், தினமும் காலையில் மூலை நாற்காலியில் உட்கார்ந்து இலவங்கப்பட்டை ரோல் தின்றுகொண்டு, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் "என் பொண்ணு கடை" என்று சொல்லலாம். அதற்கு அவர் என்ன வேண்டுமானாலும் செய்வார், பொய்க் கணக்குச் சொல்வது ஒன்றைத் தவிர.

கணக்கு எடுப்பதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. நடைபாதையில் ஒரு விரிசலைத் தேர்ந்தெடுப்பார். மடக்கு நாற்காலியைப் போட்டு, தொப்பியை இறக்கிவிட்டு, அந்த விரிசலையே பார்ப்பார். அதைத் தாண்டுகிற காலுக்கு உரியவன் ஒரு மனிதன். கையிலிருக்கும் எண்ணும் கருவியைக் கட்டைவிரலால் ஓர் அமுக்கு. தலையை மட்டும் நிமிர்த்தவே கூடாது. நிமிர்த்தினால் யாராவது வந்து முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள், பதில் சொல்லி முடிப்பதற்குள் ஆறு பேர் தாண்டிவிடுவார்கள். யார் வணக்கம் சொன்னாலும் இடது கையைச் சற்றே தூக்குவார். அவ்வளவுதான் மரியாதை.

பதினேழு பேர் என்ன பெரிய வித்தியாசம், ஊரைக் கொஞ்சம் உசுப்பிவிட்டால் சரியாகிவிடும் என்று எல்மர் கணக்குப் போட்டார். உள்ளூர்ப் பத்திரிகையில் வாரம் ஒரு முறை அவர் டவுன்டவுன் பற்றி ஒரு பத்தி எழுதுவது வழக்கம். இதுவரை அதைப் படித்தவர் அச்சுப்பிழை பார்க்கிறவர் ஒருவர்தான். இந்த முறை பேனாவைத் தீட்டிக்கொண்டு எழுதினார்.

'நம் ஊரில் அறுபதாயிரம் பேர். டவுன்டவுனில் நடந்தவர்கள் நாற்பத்தொரு பேர். பெல்ஃபீல்டிலும் அறுபதாயிரம் பேர்தான். அங்கே ஐம்பத்தெட்டு! அப்படி அந்தத் தெருவில் என்னதான் இருக்கிறது? நாமெல்லாம் யோசிக்க வேண்டாமா?'

ஊர் யோசித்தது போலத்தான் இருந்தது. மருந்துக்கடை ஆர்லீன் கல்லாவுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள். அவரோடு பள்ளியில் படித்தவள். சர்ச்சில் பஸ் ஏற்பாடு முதல் கேக் விற்பனை வரை எல்லாம் அவள் கையில்தான்.

"எல்மர், பிரமாதமா எழுதியிருக்கே! நேத்து சர்ச்சுல எல்லாரும் இதையேதான் பேசிக்கிட்டிருந்தாங்க."

"நெஜமாவா?"

"நெஜமா. இப்படி யாராவது சொன்னாத்தானே எங்களுக்கும் தெரியும்?"

எல்மருக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த சனிக்கிழமை நாற்காலியைச் சற்று முன்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஹார்மன் முப்பத்து மூன்று. பெல்ஃபீல்ட் தொண்ணூற்றேழு.

கஸ்ஸுக்குக் காலியான கடைக்குப் பக்கத்தில் பேக்கரி வந்தால் முடி வெட்ட வருகிறவர்களும் கூடுவார்கள் என்று ஆசை. அவன் ஒரு யோசனை சொன்னான்.

"நான் நடக்கறேன்டா. என் தெரு, என் காலு. யார் கேக்கறது?"

நடந்தான். முதல் தடவை விரிசலைத் தாண்டியபோது எல்மர் அமுக்கினார். இரண்டாவது தடவை அமுக்கவில்லை. எட்டாவது தடவை கஸ் அங்கேயே நின்றுவிட்டான்.

"ஏண்டா, நான் என்ன ஆவியா? காலு தெரியலையா?"

"தெரியுது. அதே பழுப்பு பூட்ஸ், இடது பக்கம் பெயிண்ட் கறை. நீ ஒருத்தன்தான் கஸ்."

"வேற ஷூ போட்டுட்டு வரட்டுமா?"

"வந்தாலும் நொண்டறது நீதானே?"

கஸ் கோபித்துக்கொண்டு கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். சலூன் மூடியிருப்பதைப் பார்த்து, முடி வெட்ட வந்த நாலு பேரும் திரும்பிப் போனார்கள். அந்த வாரம் இருபத்தாறு.

அப்புறம்தான் எல்மருக்கு உண்மையான காரணம் புலப்பட்டது, அதாவது புலப்பட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். ஹார்மன்காரர்களுக்குக் கடை வாசலிலேயே கார் நிற்க வேண்டும். வாசலில் இடமில்லையென்றால், நாற்பதடி தள்ளி இடம் இருந்தாலும் வரமாட்டார்கள், மூன்று தடவை சுற்றிச் சுற்றி வருவார்கள். காரிலிருந்து ஒரு கால், கடைக்குள் இன்னொரு கால். நடுவில் நடைபாதை எங்கே வந்தது? நடக்க வைக்க வேண்டுமானால் காரைத் தள்ளி நிறுத்த வைக்க வேண்டும். நாலாவது சனிக்கிழமை விடியற்காலையிலேயே மெயின் தெரு நெடுக ஆரஞ்சுக் கூம்புகளை வரிசையாக நிறுத்திவிட்டார். பார்க்கிங் சர்ச்சுக்குப் பின்னால் என்று பலகையும் வைத்தார்.

கார்கள் வந்தன. கூம்புகளைப் பார்த்தன. ஒரு நிமிடம் யோசித்தன. அப்படியே நேராகப் போய்விட்டன.

"நேரா போனா எங்கடா போவாங்க?" என்று கேட்டார், சமாதானமாகித் திரும்பி வந்திருந்த கஸ்ஸிடம்.

"நேரா போனா ஹைவேதான்," என்றான் கஸ். அவன் குரலில் ஏதோ ஒரு தயக்கம். எல்மர் விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்ததால் முகத்தைக் கவனிக்கவில்லை.

ஹார்மன் பதினான்கு. பெல்ஃபீல்ட் நூற்று எழுபது.

பெல்ஃபீல்டில் எண்ணுவதற்கு அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது, விரல் வலித்தது. மரியாதை தெரிந்த ஊர் என்று மனசுக்குள் ஒப்புக்கொண்டார். முன்பின் தெரியாத தன்னிடம்கூட, போகிறவர்களில் பாதிப் பேர் "ஹலோ" சொல்லிவிட்டுப் போனார்கள். இவரும் இடது கையைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. பக்கத்தில் வண்டி போட்டுச் சுட்ட சாஸேஜ் விற்கிறவன் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான்.

"காசு வேணாம் சார். நீங்க இங்க உக்காந்ததுலேர்ந்து வியாபாரம் நல்லா இருக்கு. ராசியான ஆள்."

"எங்க ஊர்ல உக்காந்தா கூட்டம் குறையுதேப்பா," என்றார் எல்மர் துக்கத்தோடு. கடுகு சாஸ் சட்டையில் வழிந்தது. தலை நிமிராமலே துடைத்துக்கொண்டார்.

ஐந்தாவது வாரப் பத்தியை அவர் கோபத்தில் எழுதினார். முப்பத்தொரு வருடக் கோபம்.

'வெட்கமாக இல்லையா? நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். நீங்களே ஒரு சனிக்கிழமை பெல்ஃபீல்டுக்குப் போய் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நின்று பாருங்கள். ஒரு டவுன்டவுன் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும்!'

மருந்துக்கடையில் ஆர்லீன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "இந்த வாரந்தான் உச்சம், எல்மர். எங்க கூட்டத்துல ஒருத்தர் விடாம படிச்சாச்சு. மணி வேற போட்டு எழுதினது ரொம்ப உபயோகமாப் போச்சு."

எல்மர் நெகிழ்ந்துபோனார். பத்தி எழுதி ஊரைத் திருத்திவிட்ட மனிதராக வீடு வரைக்கும் நடந்தே போனார். அடுத்த சனிக்கிழமை ஹார்மன் மெயின் தெருவில் ஒரு மணி நேரத்தில் பதினொரு பேர் தாண்டினார்கள். பெல்ஃபீல்டில் இருநூற்றுச் சொச்சம்.

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஹார்மனில் நாற்காலியைப் போட்டார். வெயில் இதமாக இருந்தது. புறா ஒன்று விரிசலைத் தாண்டி நடந்தது. திரும்பவும் தாண்டியது. எல்மரின் கட்டைவிரல் துடித்தது. யார் பார்க்கப் போகிறார்கள்? இந்தத் தெருவில் இருநூறு தடவை அமுக்கினாலும் கேட்க நாதியில்லை. மகள் ஆறு தெரு தள்ளி இருப்பாள். கருவியைப் பிடித்தபடி வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பதினொரு மணிக்கு எழுந்தபோது கருவி ஏழு என்று காட்டியது. ஏழு பேரும் மனிதர்கள்தான்.

பெல்ஃபீல்டில் அன்று விரிசலே தெரியவில்லை. கால்கள், கால்கள், கால்கள். ஊதா கேன்வாஸ் ஷூ, வெள்ளை ஷூ, தள்ளுவண்டிச் சக்கரம், ஊன்றுகோல், மறுபடி வெள்ளை ஷூ. நூற்றுக்கணக்கான "ஹலோ". டெஸ்ஸா தான் பார்த்து வைத்திருந்த கடைக்குப் பின்வாசல் வழியாக வந்து, உள்ளே அதன் சொந்தக்காரரோடு காகிதங்களைப் பரப்பிக்கொண்டு காத்திருந்தாள். ஒரு மணியானதும் எல்மர் உள்ளே போய்க் கருவியை மேஜைமேல் வைத்தார்.

இருநூற்று அறுபத்து மூன்று.

"ஹார்மன்?"

"ஏழு."

டெஸ்ஸா கருவியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்பா, நீங்க நெனச்சிருந்தா மாத்திச் சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"விரல் கேக்கலம்மா."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் கையெழுத்துப் போட்டாள். மூன்று வருடக் குத்தகை. கடைச் சொந்தக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு, இந்தத் தெரு இவ்வளவு கலகலப்பாக இருந்து தானே பார்த்ததில்லை என்று மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டுப் போனார். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் வந்துடறேம்ப்பா, ரோல் எடுத்துக்கிட்டு," என்றாள் டெஸ்ஸா. எல்மர் தலையாட்டினார். மீதி ஆறு நாளும் அதே தனிச் சாப்பாடுதான். ஆனால் மகள் பிழைத்துக்கொள்வாள், கூட்டமுள்ள தெருவில் இருக்கிறாள் என்ற நிம்மதி ஒரு பக்கம் இருந்தது. அது போதும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வெளியே வந்து, பழக்கதோஷத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கீழே பார்த்தார்.

ஊதா கேன்வாஸ் ஷூ இரண்டு விரிசலின் மேலேயே வந்து நின்றன. பக்கத்தில் இடது பக்கம் பெயிண்ட் கறை படிந்த ஒரு பழுப்பு பூட்ஸ் ஜோடி, தர்மசங்கடத்தோடு ஒதுங்கி நின்றது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி எல்மர் ஆறு வாரத்தில் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார்.

"அப்பாடா, இப்பவாவது பாத்தியே!" என்றாள் ஆர்லீன். "உன் பத்தியைப் படிச்சு வாராவாரம் வந்து, நம்ம ஊர்க்காரங்க அத்தனை பேருக்கும் இந்த ஊரைப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு எல்மர், அடுத்த சனிக்கிழமைக்கு வேற ஊரா பாத்து எழுது, சர்ச் பஸ்ஸுக்கு நான் இன்னிக்கே சொல்லணும்."